எப்போதும் அசதி, எதிலும் நாட்டமில்லை: ஹார்மோன் கோளாறா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் அரசாங்க கிளினிக்கில் மிஸியாக (தாதியாக) வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எல்பில், ஹீவுட், டோவன்பி தோட்டங்களிலிருந்து பட்டணத்துக்குக் குடிவந்த குடும்பங்கள்தான் இங்கே பாதிக்கு மேல். கோயில் மண்டபத்திலும் கல்யாண வீட்டிலும் என்னைப் பார்த்ததும் சிலர் ஓரமாக அழைத்துப்போய்க் கேட்கிற கேள்விகள் இவை. கேட்பது பெரும்பாலும் பெண்கள். ஆண்கள் கேட்பது குறைவு, ஆனால் அவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. படித்துவிட்டு நீங்களே மருந்து முடிவு செய்யாதீர்கள். டாக்டரிடம் என்ன சொல்வது, என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போங்கள்.

அக்கா, உடல் உழைப்பு செய்கிறவர்களுக்கு அசதி சகஜம்தானே? எப்போது சந்தேகப்பட வேண்டும்?

விடியற்காலையில் எழுந்து செம்பனைக் குலை வெட்டப் போகிறவருக்கும், தொழிற்சாலை பஸ்ஸில் ஷிப்டுக்குப் போய்த் திரும்புகிறவருக்கும் சாயங்காலம் உடம்பு வலிக்கத்தான் செய்யும். அந்த அசதி நன்றாகத் தூங்கினால், ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுத்தால் போய்விடும்.

தூங்கி எழுந்த பிறகும் தெம்பில்லை, விடுமுறையிலும் படுக்கையைவிட்டு எழ மனமில்லை, இது இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்கிறது என்றால் அதை வேலைக் களைப்பு என்று தள்ளிவிடாதீர்கள். கூடவே வேறு ஏதாவது மாற்றம் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாரும் விசிறி கேட்கும்போது உங்களுக்கு மட்டும் குளிர்கிறது, மலச்சிக்கல், முடி கொத்தாகக் கொட்டுகிறது, தோல் வறண்டு போகிறது, மாதவிலக்கு தாறுமாறாகிவிட்டது, சாப்பாடு மாறாமலே எடை ஏறுகிறது அல்லது இறங்குகிறது, அடிக்கடி தாகம், இரவில் பலமுறை சிறுநீர். இவற்றில் ஒன்றிரண்டு அசதியோடு சேர்ந்து வந்தாலே இரத்தம் எடுத்துப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது.

“வயசாச்சு”, “பிள்ளை பெத்த உடம்பு”, “சோம்பேறி” என்று வீட்டில் சொல்லும் மூன்று பேச்சுகளால் பல வருடம் வீணாய்ப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். தைராய்டு குறைந்த பெண்ணை மாமியார் சோம்பேறி என்பது இன்றும் நடக்கிறது. எனக்கு மிகவும் கோபம் வரும் விஷயம் அது.

உடம்புக்குள் சுரக்கும் ஒன்று மனத்தை எப்படி வாட்டும்?

கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பியின் ஹார்மோன் உடம்பின் ஒவ்வொரு பாகமும் எவ்வளவு வேகமாக வேலை செய்ய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. மூளையும் அதில் ஒரு பாகம்தான். அது குறைந்தால் யோசனை மந்தமாகும், மறதி வரும், எதிலும் ஆசை இருக்காது. மாதவிலக்கை நடத்தும் ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கும்போது தூக்கமும் மனநிலையும் கூடவே ஆடும். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி தரும் கார்ட்டிசால் அளவுக்கு மேல் போனாலும் குறைந்தாலும் மனம் தடுமாறும். ஆகவே “எல்லாம் உன் மனசுலதான்” என்று யாராவது சொன்னால் அது பாதிகூட உண்மையில்லாமல் இருக்கலாம்.

கிளினிக்கில் எந்தப் பரிசோதனையைக் கேட்க வேண்டும்?

“ஹார்மோன் டெஸ்ட் எடுங்க டாக்டர்” என்று பொதுவாகக் கேட்டால் பயனில்லை. அப்படி ஒரே பரிசோதனை கிடையாது. உங்கள் தொல்லைகளை வரிசையாகச் சொல்லுங்கள், டாக்டர் அதற்கேற்ப எழுதுவார். தீராத அசதிக்கு வழக்கமாக முதலில் பார்ப்பவை நான்கு.

முதலாவது இரத்த அளவு. ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12-க்குக் கீழும் ஆண்களுக்கு 13-க்குக் கீழும் போனால் இரத்தசோகை. இது ஹார்மோன் சமாச்சாரம் இல்லைதான். ஆனால் அசதியோடு வரும் நம் பெண்களிடம் நான் அதிகம் பார்த்தது இதைத்தான். காரணம் இரும்புச்சத்துக் குறைவா என்று அறிய, உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்ப்பார்கள். இரத்த அணுக்கள் சிறியவையாக இருந்தும் இரும்பு சரியாக இருந்தால் தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் கோளாறா என்று பார்க்க வேண்டும். மலேசியாவில் அது பரவலாக உண்டு. அது தெரியாமல் வருடக்கணக்கில் இரும்பு மாத்திரை விழுங்குவது நல்லதல்ல.

இரண்டாவது சர்க்கரை. 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். எச்பிஏ1சி என்ற மூன்று மாதச் சராசரி 6.3 விழுக்காடு அல்லது அதற்கு மேல் என்றால் இந்நாட்டு வழிகாட்டியின்படி நீரிழிவு. ஏற்கெனவே பல வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் அசதி என்றால் வைட்டமின் பி12 அளவையும் கேளுங்கள். அந்த மாத்திரை நாளடைவில் பி12-ஐக் குறைக்கும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் அது குறையும்.

மூன்றாவது தைராய்டு: அதைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச், தேவைப்பட்டால் தைராய்டே சுரக்கும் ஃப்ரீ டி4. நான்காவது சிறுநீரகம், கல்லீரல், உப்புச்சத்து.

மற்ற ஹார்மோன்களைக் காரணம் இருந்தால் மட்டும் பார்ப்பார்கள். மாதவிலக்கு நின்று மார்பில் பால் கசிந்தால் பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின், உடல் மெலிந்து தோல் கறுத்து மயக்கம் வந்தால் காலைக் கார்ட்டிசால் என்று. முடி வளர என்று பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட்டு, எடுத்ததை டாக்டரிடமும் சொல்லுங்கள். தைராய்டு முடிவையே அது தப்பாகக் காட்டிவிடும்.

டிஎஸ்எச் அதிகம் என்று வந்தது. அப்படியானால் எனக்குத் தைராய்டு அதிகமா?

இல்லை, நேர்மாறு. இதில் குழம்பாதவர்கள் குறைவு. டிஎஸ்எச் தைராய்டிலிருந்து வருவதல்ல, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரியிலிருந்து வருகிறது. தோட்டத்து ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் அவர்கள் சுணங்கினால் மண்டோர் (மேற்பார்வையாளர்) குரலை உயர்த்துவார் இல்லையா, அதுபோலத் தைராய்டு சுணங்கும்போது பிட்யூட்டரி அதிகமாகச் சத்தம் போடுகிறது. ஆகவே டிஎஸ்எச் ஏறினால் தைராய்டு குறைவு. டிஎஸ்எச் மிகவும் இறங்கியிருந்தால் பெரும்பாலும் தைராய்டு அதிகம்.

வழக்கமான அளவு ஏறக்குறைய 0.4 முதல் 4.0 வரை. ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் சற்று மாறும். டி4 சரியாக இருந்து டிஎஸ்எச் மட்டும் லேசாக ஏறி, 5 அல்லது 6 என்று இருந்தால் உடனே மாத்திரை தொடங்குவதில்லை. சில மாதம் கழித்துத் திரும்ப எடுப்பார்கள். பலருக்குத் தானாகவே இறங்கிவிடும். 10-ஐத் தாண்டினால் பொதுவாக மருந்து. கருத்தரிக்க நினைப்பவர்களுக்குக் கணக்கே வேறு, அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

தைராய்டு அதிகமானாலும் அசதி வரும். ஆனால் அதோடு படபடப்பு, கை நடுக்கம், எடை குறைதல், எரிச்சல் இருக்கும். அதற்குக் கார்பிமசோல் கொடுத்திருந்தால் ஒன்றை மறக்கக்கூடாது: காய்ச்சலோ தொண்டைவலியோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போய் இரத்தம் பார்க்க வேண்டும். அரிதாக அந்த மருந்து வெள்ளணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும்.

தைராய்டு குறைவுக்குத் தைராக்சின் மாத்திரை சாப்பிட ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. ஒரு மாற்றமும் இல்லையே?

மூன்று வாரத்தில் முழு மாற்றத்தை எதிர்பார்க்க முடியாது. இந்த மருந்து உடம்பில் நிலையான அளவுக்கு வர ஆறு வாரம் பிடிக்கும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி இரத்தம் எடுக்கச் சொல்கிறார்கள். அளவு சரியாக அமைவதற்கு இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டியிருக்கலாம். அதற்குள் “இது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை” என்று விட்டுவிடாதீர்கள்.

அடுத்து, எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று பாருங்கள். பலருக்கு மருந்து வேலை செய்யாததற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது. வெறும் வயிற்றில், பச்சைத் தண்ணீரில் மட்டும் விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை வேறொன்றும் சாப்பிடக்கூடாது. காப்பி, பால் தேத்தண்ணீர், மைலோ எல்லாமே அந்த ‘வேறொன்று’தான். நம் வீடுகளில் கண் விழித்ததும் கை காப்பிக் கோப்பைக்குத்தான் போகும்.

ஐந்து மணிக்கு எழும் ஒரு பெண்மணி செய்தது எனக்குப் பிடித்திருந்தது. மாத்திரைப் பட்டையைச் சமையல் அறையில் வைக்காமல் தலைமாட்டில், மூடி போட்ட தண்ணீர்க் கிளாசுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அலாரம் அடித்ததும் படுக்கையில் உட்கார்ந்தபடியே விழுங்கிவிடுவார். அப்புறம் குளியல், சாமி விளக்கு, பிள்ளைகளுக்குச் சோறு கட்டுவது. எல்லாம் முடிந்து அவர் பசியாற உட்காரும்போது ஆறு மணி. அவருக்காகத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியே வரவில்லை.

காலை நேரம் யாருக்காவது ஒத்துவரவில்லை என்றால் இரவு படுக்கும் முன், சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆன பிறகு எடுக்கலாம். ஷிப்டு மாறிக்கொண்டே இருப்பவர்களுக்கு இது சௌகரியம். இரும்பு, கால்சியம் மாத்திரைகள், வயிற்றுப்புண் மருந்துத் தண்ணீர் ஆகியவற்றுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். தைப்பூச விரதம், புரட்டாசி விரதம் எதற்கும் இதை நிறுத்த வேண்டியதில்லை. தண்ணீரோடு ஒரு சின்ன மாத்திரைதானே.

இதை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டுமா? கர்ப்பமானால் நிறுத்தலாமா?

ஹஷிமோட்டோ என்ற, உடம்பே தைராய்டைத் தாக்கும் நோயால் வந்தது என்றால் பெரும்பாலும் ஆயுளுக்கும்தான். சுரப்பி செய்யாததை மாத்திரை செய்கிறது. அளவு சரியாக இருந்தால் உடம்புக்குக் கெடுதல் இல்லை.

கர்ப்பமானால் கண்டிப்பாக நிறுத்தக்கூடாது. முதல் மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராய்டு ஹார்மோன்தான் ஆதாரம். கர்ப்பம் என்று தெரிந்ததும் கிளினிக்குக்குச் சொல்லுங்கள், அளவைக் கூட்ட வேண்டியிருக்கும்.

மகளுக்கு 19 வயது. மாதவிலக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, முகத்தில் முடி, கழுத்து கறுப்பு. எப்போதும் அறையிலேயே கிடக்கிறாள்.

சினைப்பை நீர்க்கட்டி என்று சொல்லும் பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறாக இருக்கலாம். கழுத்தின் அந்தக் கறுப்பு அழுக்கில்லை, தேய்த்துக் கழுவச் சொல்லாதீர்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம் அது, ஆகவே சர்க்கரையும் பார்க்க வேண்டும். இருக்கும் எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே மாதவிலக்கு பலருக்கு ஒழுங்காகிறது. பிசிஓஎஸ் உள்ள பெண்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாக வருகின்றன. அவள் அறையிலேயே கிடப்பதைப் பற்றியும் டாக்டரிடம் சொல்லுங்கள். சொந்தக்காரர்கள் முன்னால் அவள் முகத்தைப் பற்றியோ உடம்பைப் பற்றியோ பேசாதீர்கள், பேசுகிறவர்களையும் நிறுத்துங்கள்.

பிரசவமாகி நான்கு மாதம். பத்தியம் எல்லாம் ஒழுங்காக இருந்தேன். ஆனாலும் அழுகையும் அசதியும் போகவில்லை.

பிள்ளை பிறந்த சில நாளில் வரும் அழுகை இரண்டு வாரத்துக்குள் தானாகத் தணியும். அதைத் தாண்டி நீடித்தால் அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். பிள்ளை பெற்ற பெண்களில் சுமார் 13 விழுக்காட்டினருக்கு மனநலப் பாதிப்பு, பெரும்பாலும் மனச்சோர்வு, வருகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நீங்கள் கெட்ட தாய் என்பதற்கு அது அடையாளமே இல்லை.

இன்னொரு பக்கம், பிரசவத்துக்குப் பிறகு தைராய்டு வீங்கி, முதல் சில மாதங்களில் அதிகமாகவும் அப்புறம் குறைவாகவும் சுரப்பது உண்டு. குறையும் கட்டம் பெரும்பாலும் நான்காவது மாதத்திலிருந்து எட்டாவது மாதத்துக்குள் வரும். உங்கள் நான்கு மாதம் சரியாக அங்கேதான் விழுகிறது. ஆகவே டிஎஸ்எச் பாருங்கள், மனநிலைக்கான கேள்வித்தாளையும் நிரப்புங்கள். இரண்டும் ஒரே நாளில் முடியும். பிரசவத்தில் இரத்தம் ஏராளமாகப் போயிருந்து, பால் சுரக்கவே இல்லை, மாதவிலக்கும் திரும்பவில்லை என்றால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். அரிதாகப் பிட்யூட்டரியே பாதிக்கப்பட்டிருக்கும்.

பத்தியத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஓய்வு, சூடான சாப்பாடு, உதவிக்கு ஓர் ஆள் என்பதெல்லாம் நல்ல வழக்கம். ஆனால் தண்ணீரைக் குறைப்பது, காய்கறி, மீன், முட்டை என்று எல்லாவற்றையும் ஒதுக்குவது, கிளினிக் தேதியை நாற்பது நாளுக்குத் தள்ளிப்போடுவது ஆகியவற்றைத் தாய்மார்கள் விட்டுவிட வேண்டும்.

எனக்கு 47. இராத்திரி வியர்த்து விழிக்கிறேன், பகலில் சள்ளென்று கோபம், அப்புறம் அழுகை. மாதவிலக்கு நிற்கப்போகிறதா?

பெரும்பாலும் ஆமாம். பொதுவாக 50, 51 வயதையொட்டி நிற்கும். அதற்கு முந்தைய சில வருடங்கள்தான் அதிகம் படுத்தும். 45 வயதுக்கு மேல் இந்த அறிகுறிகள் இருந்தால் அதை உறுதிசெய்ய ஹார்மோன் பரிசோதனை பொதுவாகத் தேவையில்லை. அளவு நாளுக்கு நாள் மாறும். ஆனால் தைராய்டும் இரத்த அளவும் பாருங்கள், ஏனென்றால் இந்த வயதில் அந்தக் கோளாறுகளும் சேர்ந்து வரலாம்.

சிகிச்சை இருக்கிறது. 60 வயதுக்குட்பட்ட, வேறு பெரிய நோயில்லாத பெண்களுக்கு ஹார்மோன் மருந்தால் பொதுவாக நன்மையே அதிகம். மார்பகப் புற்று, கால் இரத்தக்குழாயில் இரத்தக்கட்டு, காரணம் தெரியாத இரத்தப்போக்கு இருந்தவர்களுக்கு அது ஆகாது. அவர்களுக்கு வேறு மருந்துகள் உண்டு. பன்னிரண்டு மாதம் நின்றுபோன பிறகு ஒரு துளி இரத்தம் பட்டாலும் காட்ட வேண்டும்.

ஆண்களுக்கும் இது வருமா?

வரும். சர்க்கரை, தொப்பை, தூக்கத்தில் மூச்சுத் திணறும் அளவுக்குக் குறட்டை இருக்கும் ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவது சகஜம். அதை விடியற்காலை அல்லது காலை பதினொரு மணிக்கு முன் எடுத்துப் பார்க்க வேண்டும், குறைவென்றால் இன்னொரு நாளும் எடுத்து உறுதி செய்ய வேண்டும். பிள்ளை வேண்டும் என்று இருப்பவர்கள் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடக்கூடாது, விந்தணு குறையும். பல ஆண்கள் மனச்சோர்வைச் சோகமாகக் காட்டுவதில்லை. எரிச்சலாகவும் குடியாகவும் காட்டுகிறார்கள். கணவர் திடீரென்று அதிகம் குடிக்கத் தொடங்கினால் அதையும் இந்தக் கண்ணோடு பாருங்கள்.

சந்தையில் வாங்கிய ஜாமு என்ற மூலிகை மருந்தில் இரண்டே நாளில் தெம்பு வந்துவிட்டது. அதையே தொடரலாமா?

இதைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள்.

ஓர் இலையோ வேரோ இரண்டே நாளில் மூட்டுவலியைப் போக்கி, பசியை வாரிக்கொடுத்து, துள்ளி எழ வைக்காது. அப்படிச் செய்தால் அதில் ஸ்டீராய்டு, அதாவது கார்ட்டிசால் போல வேலை செய்யும் மருந்து, கலந்திருக்க வாய்ப்பு அதிகம். பாரம்பரிய மருந்து என்ற பெயரில் விற்கப்படும் பொருள்களில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பான என்பிஆர்ஏ பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது.

சில மாதம் சாப்பிட்டவரை நேரில் பார்த்தாலே தெரியும். கை கால் மெலிந்திருக்கும், முகம் மட்டும் உருண்டு பளபளவென்று இருக்கும். பிடரியில் சதை திரண்டிருக்கும். முழங்கையில் லேசாக இடித்தாலும் ஊதா நிறத்தில் கன்றிப்போகும். வயிற்றில் சிவந்த கோடுகள். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறும். சொந்தக்காரர்கள் “நல்லா சதை போட்டிருக்கீங்க” என்று பாராட்டுவார்கள்.

இதைவிட ஆபத்து நிறுத்தும்போது வருகிறது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் உடம்பு சொந்தக் கார்ட்டிசாலைச் சுரப்பதைக் கைவிட்டுவிடும். மருந்து தீர்ந்தோ, பயந்தோ திடீரென்று நிறுத்தினால் வாந்தி, கடும் அசதி, இரத்த அழுத்தம் விழுதல், மயக்கம் எல்லாம் வரும். உயிரே போகலாம். ஆகவே மாதக்கணக்கில் அப்படி ஒன்றைச் சாப்பிட்டவர்கள் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், தொடரவும் வேண்டாம். புட்டியையோ பொட்டலத்தையோ கையோடு எடுத்துக்கொண்டு அன்றே டாக்டரிடம் போங்கள். யாரும் போலீசைக் கூப்பிட மாட்டார்கள், நான் உறுதியாகச் சொல்கிறேன். டாக்டருக்குத் தெரியவேண்டியது எதைச் சாப்பிட்டீர்கள் என்பது மட்டுமே.

இனி வாங்கும்போது பெட்டியில் ‘எம்ஏஎல்’ (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணும், மினுமினுக்கும் ஃபார்மாடேக் ஒட்டுவில்லையும் இருக்கிறதா என்று பாருங்கள். பாரம்பரிய மருந்தென்றால் இலக்கங்களுக்குப் பிறகு ‘டி’ (T) என்ற எழுத்து இருக்கும். அந்த எண்ணை என்பிஆர்ஏ இணையத்தளத்தில் அடித்து, வருகிற பெயரும் பெட்டியில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று பிள்ளைகளைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பேஸ்புக் நேரலையில் கூவி விற்பதை வாங்கவே வேண்டாம்.

“அட்ரினல் களைப்பு” என்று சொல்லி எச்சில் பரிசோதனைக்குப் பெரிய தொகை கேட்கிறார்கள்.

கொடுக்காதீர்கள். அப்படியொரு நோயை ஹார்மோன் நிபுணர்களின் மருத்துவச் சங்கங்கள் ஏற்பதில்லை. அட்ரினல் சுரப்பி உண்மையிலேயே கெட்டுப்போகும் அடிசன் நோய் வேறு, அதை இரத்தப் பரிசோதனையில்தான் உறுதி செய்வார்கள். அந்தப் பணத்தில் பிள்ளைகளுக்கு நல்ல மீன் வாங்குங்கள்.

எல்லா இரத்தமும் நார்மல். டாக்டர் மனநிலைக் கேள்வித்தாளைக் கொடுத்தார். எனக்குப் பைத்தியம் என்கிறாரா?

இல்லவே இல்லை. நார்மல் என்றால் உங்கள் கஷ்டம் பொய் என்று அர்த்தமில்லை. வேறு இடத்தில் தேட வேண்டும் என்றுதான் அர்த்தம். மனச்சோர்வு நோயே முதலில் அசதியாக, உடம்பு வலியாக, தலைபாரமாக வருவதை நம் மக்களிடம் நிறையப் பார்த்திருக்கிறேன். “மனசு சரியில்லை” என்று சொல்லிப் பழக்கமில்லாதவர்கள் “உடம்பு முடியல” என்கிறார்கள். இரண்டு வாரமாக நாளின் பெரும்பகுதி மனம் வாடியிருக்கிறது, முன்பு பிடித்த கோலம், பூச்செடி, டிவி தொடர் எதுவும் பிடிக்கவில்லை, தூக்கமும் பசியும் கெட்டுவிட்டன என்றால் அதைக் கேள்வித்தாள் எடுத்துக்காட்டும். மலாயில் கொடுத்தால், புரியாத வரிகளை மிஸியிடம் கேளுங்கள். மகனையோ கணவனையோ வைத்து நிரப்பாதீர்கள், அவர்கள் முன் உண்மை வராது.

ஹார்மோன் கோளாறு உள்ளவர்களுக்கும் இதே பேச்சுதான். தைராய்டு மாத்திரையால் டிஎஸ்எச் சரியாகிவிட்டது, மனம் இன்னும் எழவில்லை என்றால் மாத்திரை அளவை ஏற்றிக்கொண்டே போவது தீர்வில்லை. மனச்சோர்வுக்குத் தனியாக வைத்தியம் வேண்டும். இரத்தத்தையும் மனத்தையும் ஒன்றாகப் பாருங்கள், ஒன்றைக் காட்டி இன்னொன்றைத் தள்ளிவிடாதீர்கள். இத்தனை வருடம் நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பது இதைத்தான்.

மனச்சோர்வு மாத்திரை பலன் காட்ட இரண்டு முதல் நான்கு வாரமாகும். முதல் வாரம் குமட்டலாம், பெரும்பாலும் அடங்கிவிடும். நன்றான பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும், நிறுத்துவதைப் படிப்படியாகச் செய்ய வேண்டும். வழக்கமாகக் கொடுக்கும் மாத்திரைகள் அடிமையாக்கும் தூக்க மாத்திரைகள் அல்ல. ஆலோசகரிடம் பேசுவதும் சிகிச்சைதான், லேசான நிலையில் அதுமட்டுமே போதுமானதாக இருக்கலாம்.

சாப்பாட்டில் எதை ஒதுக்க வேண்டும்?

அதிகம் இல்லை. தைராய்டு என்றதும் முட்டைக்கோஸ், மரவள்ளி என்று பெரிய பட்டியல் போடுவார்கள். வேகவைத்து வழக்கமான அளவில் சாப்பிட்டால் பாதகமில்லை. இரும்பு குறைந்தவர்கள் சாப்பாட்டோடு தேத்தண்ணீர் குடிப்பதை விடுங்கள், ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். ரொட்டி சானாயும் இனிப்புத் தே தாரேக்கும் ஒரு மணி நேரம் தெம்பு வரும், அப்புறம் பழையபடி சோர்வுதான். காலை வெயிலில் அரை மணி நடை மனத்துக்கும் தூக்கத்துக்கும் நல்லது. ஆனால் தைராய்டு மிகவும் குறைந்திருக்கும்போது ஓடிக் களைக்க வேண்டாம், மருந்து பிடிக்கட்டும்.

இதற்கெல்லாம் செலவு எவ்வளவு? வேலையில் லீவு தருவார்களா?

குடிமக்களுக்கு அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளி (ரிங்கிட்), அதிலேயே டாக்டர் பார்ப்பது, இரத்தம், மருந்து எல்லாம். அங்கிருந்து கடிதம் கொடுத்தால் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்கலாம், மறுபடி போகும்போதெல்லாம் 5 வெள்ளி. சந்திப்புத் தேதி தள்ளிக் கிடைக்கலாம். நிலை மோசமானால் காத்திருக்காமல் கிளினிக்குக்கே திரும்பிப் போங்கள்.

அரசாங்க உதவித்தொகை பெறும் 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ‘பெக்கா பி40’ திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு. சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகத்தோடு மனநிலையையும் பார்ப்பார்கள். தைராய்டு வேண்டுமென்றால் அதைத் தனியாகக் கேட்க வேண்டும். சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா கட்டும் தொழிலாளர்களுக்கும் 40 வயதில் பரிசோதனைத் திட்டம் இருக்கிறது.

தொழிலாளர் சட்டப்படி இரண்டு வருடத்துக்குக் குறைவான வேலையென்றால் வருடத்துக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்து வருடத்துக்குள் 18 நாள், ஐந்து வருடத்துக்கு மேல் 22 நாள் சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு உண்டு. மருத்துவச் சான்று காட்ட வேண்டும். தேதி வாங்கிய நாளிலேயே மண்டோரிடமோ சூப்பர்வைசரிடமோ சொல்லிவிடுங்கள். என்ன நோய் என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

எப்போது ஒரு நிமிடமும் காத்திருக்கக்கூடாது?

ஒருவர் குழம்பிப் பேசுகிறார், உடம்பு சில்லிட்டு எழுப்ப முடியாமல் தூங்குகிறார். தொடர்ந்து வாந்தி எடுத்து எழுந்தால் மயங்கி விழுகிறார், முக்கியமாக ஸ்டீராய்டு நிறுத்தியவர். நெஞ்சு படபடத்துக் காய்ச்சலும் நடுக்கமும் சேர்ந்திருக்கிறது. பிள்ளை பெற்றவர் இல்லாத குரல் கேட்கிறது என்கிறார், குழந்தையைப் பற்றி விபரீதமாகப் பேசுகிறார். இவற்றில் எது நடந்தாலும் 999-க்கு அழையுங்கள், அல்லது கிடைக்கிற காரில் அவசரப் பிரிவுக்குக் கொண்டு போங்கள். சாப்பிடும் எல்லா மருந்துகளையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

“நான் இருந்து என்ன பிரயோஜனம்” என்று யாராவது சொன்னால் பேச்சை மாற்றாதீர்கள். “சாகணும்னு தோணுதா?” என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாமல் பக்கத்திலேயே இருங்கள். களைக்கொல்லி மருந்து, மாத்திரைகள் எல்லாவற்றையும் அக்கம்பக்கத்து வீட்டுக்கு மாற்றுங்கள். தோட்டப் பகுதியில் களைக்கொல்லி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுதான் எனக்குப் பெரிய பயம். மனம் உடைந்தவர்களிடம் பேசும் பெஃப்ரெண்டர்ஸ் அமைப்பு 03-7627 2929, எந்நேரமும் எடுப்பார்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் 15555. அரசாங்கத்தின் இன்னோர் உதவி எண்ணான தாலியான் காசே 15999. தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்ற 309-ஆம் சட்டப்பிரிவை 2023-இல் நீக்கிவிட்டார்கள், ஆகவே கேஸ் ஆகிவிடும் என்று பயந்து வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டாம். எதையாவது குடித்திருந்தால் வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள். அந்தப் புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள்.